கூரை மேல் ஒரு ஏரி

(மேனாள் மாணவர் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன் பண்ணி, ‘அமெரிக்காவில் பாலம் கட்டின அனுபவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசு’ என்றார். பாலத்தைப் பற்றி என்ன பேசுவது? நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், விழுந்தால்தான் பேசுவார்கள். அதனால் நான் என் வீடு ஒழுகின கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். சிவில் இன்ஜினியர் வீடு ஒழுகியது என்றால் மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், இருக்கட்டும்.

2010-11 குளிர்காலம் மின்னசோட்டாவில் பேய்க் குளிர்காலம். மினியாபொலிசில் மெட்ரோடோம் என்று ஒரு விளையாட்டரங்கம் இருந்தது. காற்றடைத்த துணிக் கூரை. 2010 டிசம்பர் 12ஆம் தேதி காலை பனியின் பாரம் தாங்காமல் அந்தக் கூரை கிழிந்து உள்ளே விழுந்தது. அதை டீவியில் பார்த்து, ‘லோடு கணக்குத் தெரியாதவங்க’ என்று வீட்டில் நான் பெரிய பிரசங்கமே செய்தேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டு ஹால் சுவரில், ஜன்னலுக்கு மேலே, ஒரு பழுப்புக் கறை இறங்கியது.

மாணவர்கள் இருக்கிறீர்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். அந்த ஊர் வீட்டில் சரிவான கூரை, அதற்குக் கீழே பரண், அதற்குக் கீழே நாம். வீட்டின் சூடு பரணுக்குக் கசிந்தால் கூரை மேல் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகும். உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி இறவாரத்துக்கு வரும். இறவாரத்துக்கு அடியில் வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே வந்ததும் மறுபடி உறைந்து ஒரு வரப்பு மாதிரி கட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற தண்ணீர் அந்த வரப்பில் முட்டித் தேங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவருக்குள் இறங்கிவிடும். ஐஸ் டேம் என்றே அதற்குப் பெயர். ஏப்ரலில் சுவரைத் திறந்து பார்த்தால் உள்ளே கருப்பாகப் பூஞ்சணம். என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. அவளுக்கு இளைப்பு வேறு. ஒன்றரை மாதம் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே சமயத்தில்தான் எங்க அப்பா வந்திருந்தார். 2010 நவம்பரில் அம்மா போய்விட்டார்கள். அப்பாவுக்கு 79 வயது. ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து மே மாதம் கூட்டிக்கொண்டு போனேன். வந்த அன்றே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டவர் கழற்றவே இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். தெருவில் ஒரு ஆள் நடக்க மாட்டான். ‘இங்க மனுஷங்க இருக்காங்களா தம்பி?’ என்று ஒரு நாள் கேட்டார்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், ஸ்வீடன்காரர் வம்சம், தன் ஏரிக்கரைக் கேபினின் சாவியைக் கொடுத்தார். வாடகை வேண்டாம், புல் வெட்ட வேண்டும், படகுத்துறையில் மூன்று பலகை உளுத்துவிட்டது, அதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கேபின் என்றால் பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, ஒரு அடுப்படி, கொசுவலை அடித்த ஒரு திண்ணை. அந்தத் திண்ணை இல்லாவிட்டால் கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 225 கிலோமீட்டர் வடக்கே, பிரெய்னர்ட் என்கிற ஊருக்குப் பக்கத்தில், கல் லேக் என்று பெயர். கல்லு இல்லை, அது ஒரு பறவையின் பெயர். ஜூன் கடைசியில் சட்டி பானையோடு போய் இறங்கினோம்.

ஜூலை 1ஆம் தேதி இன்னொரு கூத்து. பட்ஜெட் தகராறில் மாநில அரசாங்கமே கதவைச் சாத்திவிட்டது. 20ஆம் தேதி வரை பூங்காக்கள் மூடல், சாலைப் பணிகள் நிறுத்தம். எங்கள் கம்பெனி கையில் இருந்ததெல்லாம் சாலை, பாலம். ‘சம்பளம் இல்லாமல் வீட்டில் இருங்கள்’ என்றார்கள். எனக்கு வீடும் இல்லை. ஆக, படிப்பு முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக நானும் அப்பாவும் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் ஒரே கூரையின் கீழ் சும்மா இருந்தோம்.

இந்த இடத்தில் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று சொல்ல வேண்டும். இந்த மண்டபத்தில் இருக்கும் என் நண்பர்கள் நிறையப் பேருக்கு ‘அவன் அப்பா பி.டபிள்யூ.டி.யில் இருந்தார்’ என்று தெரியும். ‘ஏ.இ.யா, ஜே.இ.யா?’ என்று சிலர் கேட்டதும் உண்டு. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். எங்கள் அப்பா வீராணம் ஏரியில் லஸ்கர். காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, கையில் தடி, மழைக்காலமானால் ஒரு லாந்தர். ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, அளவு பார்த்து எழுத வைப்பது, தன் பங்குக் கரையைத் தினமும் நடந்து பார்ப்பது. 1990இல் ஓய்வு பெறும்வரை அதுதான்.

நம் காலத்து ஆட்களுக்கு வீராணம் என்றால் ரோட்டோரம் கிடந்த ராட்சதக் குழாய்கள்தான் ஞாபகம் வரும். கதை படிக்கிறவர்களுக்கு வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்த கரை. எனக்கு அது அப்பா நடந்த கரை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. கீழணையில் இருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரும். ஐப்பசி கார்த்திகையில் மழை வலுத்தால் அப்பா வீட்டுக்கு வர மாட்டார். அம்மா தூக்குச் சட்டியில் சோறு கட்டிக் கொடுப்பார்கள், நான் கொண்டு போவேன்.

அந்த மனிதரைக் கொண்டுபோய் மின்னசோட்டா ஏரிக்கரையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் நாள் சாயங்காலமே கேட்டார். “கரை எங்க தம்பி?”

கரை இல்லை என்றேன். பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பனிப்பாறைகள் நகர்ந்து, தோண்டி, உருகி, தானாக உண்டான ஏரிகள். பத்து ஏக்கருக்கு மேல் மட்டும் எண்ணினால் அந்த மாநிலத்தில் 11,842 ஏரிகள் என்று சொன்னேன்.

“சரி, மதகு?”

“மதகும் கிடையாதுப்பா. இது இயற்கை.”

“தண்ணின்னு ஒண்ணு நின்னா அதுக்கு ஒரு மதகு இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ராத்திரி லூன் என்கிற நீர்ப்பறவை கத்தியது. அது கத்தினால் பொம்பளை அழுகிற மாதிரியே இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார். விடியும்வரை நானும் கூட உட்கார்ந்தேன். பேச்சு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து, ஒரு குச்சியில் கத்தியால் கோடு கீறி, படகுத்துறைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார். அளவு பார்க்க. தினமும் காலை, மாலை. என் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். ஸ்வெட்டர் மட்டும் போகவில்லை.

மீன் பிடிக்கலாம் என்றால் லைசென்ஸ் வேண்டும். அரசாங்கம் மூடிக் கிடந்ததால் லைசென்ஸ் விற்க ஆள் இல்லை. அது இல்லாமல் பிடித்தால் குற்றம்தான், அதைப் பிடிக்கிற அதிகாரிகள் மட்டும் வேலையில் இருந்தார்கள்! ஆனால் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அப்புறம் என்ன, மகள் கையில் தூண்டில், பக்கத்தில் மந்திரி மாதிரி தாத்தா. புழு கோக்கத் தமிழில் பாடம். சன்ஃபிஷ் என்று ஒரு மீன் மாட்டியது. “நம்ம ஜிலேபி மாதிரி இருக்கே” என்றார். என் மனைவி மிளகாய்த்தூள் தடவிப் பொரித்ததும், “முள்ளு கொஞ்சம் ஜாஸ்திம்மா” என்று சொல்லிக்கொண்டே நாலு தின்றார்.

ஜூலை 19ஆம் தேதி ஒரு அதிசயம் நடந்தது. அந்த மாநிலத்தில் மூர்ஹெட் என்ற ஊரில் பனி நிலை, அதாவது காற்றின் ஈரத்தைக் காட்டும் அளவு, 88 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. மாநிலத்தில் அதுவரை பதிவாகாத அளவு. ஊரே அலறியது. எங்களுக்கும் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்பா மெதுவாக ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “இப்பத்தான்டா ஊரு மாதிரி இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கழித்து நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பாரு. மழைக்கு ரெண்டு விரக்கடை ஏறிச்சு. சரி. மூணாம் நாளு எறங்கிடுச்சு. வெயிலுக்கு இப்படி எறங்காது. ஆவி போனா நூல் நூலா எறங்கும். இது எவனோ தெறக்குறான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாலம் கட்டுகிறவன், அதுவும் நீரியல் படித்தவன், இவருக்கு எப்படிச் சொல்வது என்று பொறுமையாக ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. “வண்டிய எடு. தண்ணி வெளிய போற எடத்தைப் பாப்பம்.”

வண்டியை எடுத்தேன். ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடத்துக்குப் போனால், நண்பர்களே, அங்கே ஒரு அணை இருக்கிறது. ஷட்டர்களோடு. 1912இல் கட்டி முடித்தது. மிசிசிப்பி ஆற்றின் தலைப்பகுதியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய ஆறு அணைகளில் கடைசி அணை. கோடையில் கீழே கப்பல் போக்குவரத்துக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கட்டியது, மினியாபொலிஸ் மாவு மில்களுக்கும் அதில் ஆதாயம் உண்டு. இப்போது ஏரியைக் கோடை முழுக்க ஒரு குறுகலான வரம்புக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மாநிலத்தில் இருந்த எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ‘நான் சொன்னேன்ல’ என்று ஒரு வார்த்தை, ஊஹும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஷட்டர் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். “கிரீஸ் நல்லா வச்சிருக்காங்க” என்றார்.

அங்கே பணியில் இருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நடுவில் நான் மொழிபெயர்ப்பு. “இவர் இன்ஜினியரா?” என்று என்னைக் கேட்டார். முப்பத்தைந்து வருஷமாக நான் மழுப்பிக்கொண்டு வந்த அதே கேள்வி. இந்தத் தடவை, “இல்லை, இவர் ஷட்டர் திறக்கிறவர். ஆயிரம் வருஷத்து ஏரி ஒன்றில்” என்றேன். அந்த ஆள் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பிவிட்டார். ‘கரை ஆபத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?’ என்று கேட்டார். அப்பா சொன்னார்: “வெளிப்பக்கம் கால் வச்சுப் பாப்பேன். கசிவு எல்லா மண்கரையிலயும் இருக்கும். தெளிவா வந்தா பயமில்ல. கலங்கி வந்தா மண்ணையும் சேத்து இழுத்துட்டு வருதுன்னு அர்த்தம். அப்ப நிக்கக் கூடாது, ஆளக் கூப்பிட ஓடணும்.”

சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் ‘பைப்பிங்’ என்று நாம் படித்தது இதுதான். ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் பலமாகத் தலையாட்டினார். எங்களுக்கும் அதுதான் பாடம் என்றார். அந்தப் பாடத்தில் நான் முதல் வகுப்பு வாங்கினவன். அப்பாவிடம் ஒரு நாள் கேட்டிருந்தால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண் விழித்திருக்க வேண்டாம்.

புறப்படும்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார். “இதைக் கட்டினப்ப எந்த ஊரு முங்கிச்சுன்னு கேளு.” நான் தயங்கினேன். கேட்டேன். இங்கே அவ்வளவு இல்லை, ஆனால் வடக்கே லீச் லேக், வின்னிபிகோஷிஷ் ஏரிகளில் 1880களில் அணை கட்டியபோது தண்ணீர் உயர்ந்து ஒஜிப்வே மக்களின் காட்டரிசி வயல்கள், குடியிருப்புகள், இடுகாடுகள் எல்லாம் முங்கின என்றார். அப்பா தலையாட்டினார்.

திரும்பி வரும் வழியில் காரில் வைத்துத்தான் அந்த விஷயம் வந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

1976. மூன்றாம் வருஷம். மூன்று மாத மெஸ் பாக்கி. நோட்டீஸ் போர்டில் என் பெயர். கடிதம் போட்டேன். மணியார்டர் வரவில்லை, அப்பாவே வந்துவிட்டார். டூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காய்ந்த சேறு. ஹாஸ்டல் வராந்தாவில் என் அறை நண்பன் நின்றுகொண்டிருந்தான். ‘யாருடா?’ என்றான். “எங்க அப்பா ஆபீஸ் ஆளு. பணம் குடுத்து அனுப்பியிருக்கார்” என்றேன்.

அப்பாவுக்குக் காது கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்து, “ஆமாங்க தம்பி, ஐயா குடுத்தனுப்புனாங்க” என்றார். பணத்தை என் கையில் கொடுத்தார். நான் கட்டுவதற்கு ஆபீசுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டார். அதற்கப்புறம் இந்தக் கல்லூரிக்கு அவர் வரவே இல்லை. பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டேன், ‘ஏரி ரொம்பியிருக்கு தம்பி, நவுர முடியாது’ என்றார். அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு.

முப்பத்தைந்து வருஷம் நாங்கள் அதைப் பேசியதில்லை. அன்று காரில் நான் ஆரம்பித்தேன். “அப்பா, அன்னிக்கு ஹாஸ்டல்ல...” என்றேன். மேலே வரவில்லை.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ பணம் கட்டப் போனியா, அந்தத் தம்பி என்னை உக்காரச் சொல்லி டீ வாங்கியாந்து குடுத்துச்சு. நீங்கதானே அவங்க அப்பான்னு கேட்டுச்சு. மூக்கு அப்படியே இருக்குதாம். ஆமான்னேன். அவன்கிட்ட கேட்டுக்காதீங்க, வெக்கப்படுவான்னு சொன்னேன். சரின்னுச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்துச்சு.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அவன் என் அறையில்தான் இருந்தான். சண்டை போட்டிருக்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் கேவலமாகத் திட்டியிருக்கிறோம். ஒரு நாள், கோபத்தில்கூட, அவன் வாயிலிருந்து அது வரவில்லை. ‘உங்க அப்பா ஏ.இ.யாடா?’ என்று மற்றவர்கள் கேட்கும்போது அவன் எழுந்து வெளியே போய்விடுவான். ஏதோ பொறாமை என்று அப்போது நினைத்தேன்.

அப்புறம் கதை சீக்கிரம் முடிந்துவிடும். அரசாங்கம் திறந்தது, நான் வேலைக்குப் போனேன், வாரக் கடைசியில் கேபினுக்கு வருவேன். பூங்கா திறந்ததும் ஒரு சனிக்கிழமை இட்டாஸ்கா ஏரிக்குப் போனோம். மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம். கடலுக்கு 2,552 மைல் என்று ஒரு கட்டையில் எழுதியிருக்கும். கல்லுக்குக் கல் தாவி ஆற்றைத் தாண்டலாம். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அப்பா குனிந்து கல்லுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, “கீழ காங்கிரீட்டு” என்றார். உண்மைதான். 1930களில் அந்த இடத்தைச் செப்பனிட்டு, அடியில் கட்டி, மேலே கல் அடுக்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு. புதன்கிழமை. லீவு போட்டு முந்தின ராத்திரியே வந்துவிட்டேன். என் மனைவி புளியோதரை, தேங்காய்ச் சாதம் கிளறினாள். “மாமா, மஞ்சக் கயிறு நூல்லதான் பண்ணியிருக்கேன், பரவாயில்லையா?” என்றாள். படகுத்துறையில், நான் மாற்றின மூன்று பலகை மேல் உட்கார்ந்துதான் படைத்தோம். அப்பா அம்மா பெயரைச் சொல்லி ஒரு கை தண்ணீர் விட்டார். பக்கத்துக் கேபின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் ஒரு தட்டு போயிற்று.

வீட்டு வேலை முடியும் தறுவாயில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காண்டிராக்டர் கூரையோட்டை மாற்றி, இறவாரத்தில் சூடேற்றும் கம்பி போட்டால் தீர்ந்தது என்று சொல்லியிருந்தார், நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். அப்பா ஏணியில் பாதி ஏறிப் பரணை எட்டிப் பார்த்தார். எண்பது வயது, இறங்குங்கள் என்றால் கேட்டால்தானே. “கூரை மேல ஏரி கட்டியிருக்க, கலிங்கு வைக்கல. சரி, தண்ணி எங்கேருந்து வருது? பனி ஏன் உருகுது? அத மொதல்ல பாரு” என்றார். பார்த்தோம். குளியலறையின் காற்றாடிக் குழாய் வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே திறந்து கிடந்தது. வீட்டைக் கட்டின காலத்திலிருந்து, தினமும் வெந்நீர் ஆவியெல்லாம் பரணுக்குள்! குழாயை வெளியே நீட்டி, சந்து பொந்தையெல்லாம் அடைத்து, காப்புப் பஞ்சைக் கனமாகப் போட்டோம். அதற்கப்புறம் ஒழுகவில்லை.

செப்டம்பரில் ஊருக்குப் போயே தீருவேன் என்றார். நான் தடுக்கவில்லை. கல் லேக்கின் நீர்மட்டத்தை அந்தப் பொறியாளர் படை தினமும் இணையத்தில் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் பேச்சு அதுதான். “இங்க 44 அடி. அங்க?” என்பார். வீராணத்துக்கு முழு அளவு 47.50. நான் “ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்து மூணு சொச்சம்” என்பேன், கடல் மட்டத்திலிருந்து கணக்கு. “அடேயப்பா” என்று ஒவ்வொரு வாரமும் புதுசாகச் சிரிப்பார். 2014 மார்ச்சில் காலமானார். அதற்கு முந்தின ஞாயிறும் அளவு சொன்னார்.

அந்த அறை நண்பன் இன்று வந்திருக்கிறான். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறான், ஒரு பக்கத் தாளை அரை மணி நேரமாக. 2011க்குப் பிறகு நான்கைந்து தடவை அவனைப் பார்த்தும் இதை நான் கேட்டதில்லை. டேய், எங்க அப்பா பெயர் உனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு வரை என்ன பேசிக்கொண்டு போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. மத்தியானப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையை உனக்காகப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.